லண்டன் ஏஜென்ட் கேட்ட வாசிப்புக் கட்டணம்

நாவல் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தருகிற வெளிநாட்டு ஏஜென்டுகளுக்கு மெயில் போடுகிறவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள். நான் மட்டக்களப்பு, கல்லடி. என்னுடையது ஒரு போடியார் (எங்கள் பக்கத்துப் பெரிய வயற்காரர்) குடும்பத்துக் கதை. மருமகள் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தாள். ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் 3 அத்தியாயம் என்று ஒன்றரை வருடத்தில் 31 பேருக்கு அனுப்பினேன். 19 பேர் வேண்டாம் என்றார்கள். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. பதில் வராவிட்டால் மறுப்பு என்று பலர் முன்கூட்டியே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இரவு பத்து மணிக்கு, லண்டனில் கந்தோர் பூட்டுகிற நேரம், போனை எடுத்துப் பார்க்காமல் படுத்ததில்லை.

அந்த நிலைமையில்தான் பேஸ்புக்கில் ஒரு லண்டன் ஏஜென்டின் விளம்பரம் பார்த்து அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. 'கந்தப்பாடி மறக்க முடியாத பாத்திரம்' என்று தொடங்கி ஒரு பக்கத்துக்குப் பாராட்டு. கடைசியில், வாசிப்பு அறிக்கைக்கு 250 பவுண்.

லண்டனில் இருக்கிற மச்சான் கட்டினான். அதற்குப் பதிலாக நான் ஆரையம்பதிக்குப் போய் அவன் தாய், என் மாமியின் கையில் சீட்டுக் காசு ஒரு இலட்சத்தைக் கொடுத்தேன். மாமி எண்ணிக்கொண்டே கேட்டா: "என்ன மனே, புத்தகம் விக்கிறவன் உனக்கெல்லோ காசு தரணும்?"

மாமி சொன்னதுதான் சரி. ஒழுங்கான ஏஜென்ட் வாசிக்கக் காசு கேட்பதில்லை. புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு விற்ற பிறகு, வருகிற காசில் வழமையாக 15 வீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 வீதம் எடுப்பார்.

அறிக்கை வரவில்லை. எடிட்டருக்கென்று இன்னும் 600 பவுண் கேட்டு மெயில் வந்தது. இதுவரை எந்தப் புத்தகம் விற்றீர்கள் என்று கேட்டேன். 'இரகசியம்' என்றார்கள். விற்ற புத்தகத்தில் என்ன இரகசியம்? கடையில்தானே கிடக்கும்! பிரித்தானியக் கம்பனிப் பதிவைக் காசில்லாமலே பார்க்கலாம். பார்த்தேன், பதிந்து இரண்டு மாதம்தான். பெயரை நான் இங்கே போடவில்லை, அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள்.

அப்புறம்தான் பாராட்டு மெயிலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். என் ஆளின் பெயர் கந்தப்போடி. கதைச்சுருக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் கை தவறிக் 'கந்தப்பாடி' என்று அடித்திருந்தேன். அத்தியாயங்களில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. அதைத் திறந்தே பார்க்காமல் ஒரு பக்கம் புகழ்ந்திருக்கிறார்கள். இது முன்னமே கண்ணில் படாமல் போனதற்கு அந்த 19 மறுப்பும்தான் காரணம். ஒரு நல்ல வார்த்தைக்கு அவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன்.

இப்போது நாவல்களின் கடைசிப் பக்கத்து நன்றியுரையைப் பார்த்து, எழுத்தாளர்கள் பெயர் சொல்லி நன்றி கூறும் ஏஜென்டுகளுக்கு மட்டும் அனுப்புகிறேன். போன கிழமை இருபதாவது மறுப்பு வந்தது. இரண்டே வரி. சூடடிக்கிற களம் பிடித்திருந்ததாம், ஆனால் கந்தப்போடி பேசத் தொடங்க நேரம் எடுக்கிறாராம். மூன்றாம் அத்தியாயத்தை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.