ஆஸ்பத்திரிக்கு வரவழைப்பதா, வீட்டிலேயே பின்தொடர்வதா? கொரோனா கால மருந்து ஆய்வுகள்

2020 மார்ச் கடைசியில் பஸ் ஓட்டம் நின்றது. ஒரு மருந்து ஆய்வில் சேர்ந்து, வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்து போக வேண்டியவர் என்ன செய்வார்?

ஆஸ்பத்திரியிலேயே நடத்தினால் ரத்தம், ஸ்கேன் எல்லாம் கையோடு கிடைக்கும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு படிவங்களைச் சுருக்கி, பல மருந்துகளை ஒரே ஆய்வுக்குள் தனித்தனியாகச் சோதித்ததால்தான், மார்ச்சில் தொடங்கி ஜூனிலேயே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று சொல்ல முடிந்தது. இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம், கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் ரத்த பிளாஸ்மாவைச் சோதித்து, பெரிய பலனில்லை என்று கண்டதும் இப்படித்தான்.

ஆனால் லேசான காய்ச்சலோடு வீட்டில் இருப்பவர்? அவர்களுக்காகவே பிரிட்டனில் பிரின்சிபிள் ஆய்வு ஆன்லைனிலும் போனிலும் ஆட்களைச் சேர்த்தது, தினமும் அறிகுறிகளைப் பதியச் சொன்னது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் உதவவில்லை என்று தெரிந்தது அப்படித்தான்.

நம்ம காவிரி டெல்டாவில் இதற்கு வேறு சிக்கல்கள். போன் பேரனிடம் இருக்கும், பாட்டி வயலில் இருப்பார். நாற்று நட்டுவிட்டு வந்து, சில்லிட்ட விரலை அப்படியே, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் வைத்தால் அளவு தப்பாக வரலாம், விரலைத் தேய்த்துச் சூடாக்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அதனால் லேசான நோய்க்கு என் ஓட்டு வீட்டு வழிக்குத்தான், ஆனால் கிராம சுகாதார செவிலியர் கூடவே போக வேண்டும், அதற்கான சம்பளத்தை ஆய்வின் பட்ஜெட்டிலேயே எழுதிவிட வேண்டும்.