திருவனந்தபுரம் ஸ்ரீ பத்மநாபா தியேட்டருக்கு அம்மாவ கூட்டிட்டுப் போனது

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க முக்காவாசி பேரு ப்ளைட் ஏற இறங்க திருவனந்தபுரத்துக்குத்தான் போறோம், ஆனா கார்ல பெட்டிய ஏத்துனதும் நேரா எல்லையில இருக்க களியக்காவிளைதான், திருவனந்தபுரத்துல நின்னு ஒரு படம் பாப்போம்னு யாருக்கும் தோணுறதில்ல. இந்த லீவுல நான் அம்மாவ கூட்டிட்டு கிழக்கே கோட்டை ஸ்ரீ பத்மநாபா தியேட்டருக்குப் போனேன்.

டிக்கெட் எடுக்கதுதான் பெரிய பாடு. ஒரு ஆப்புல புக் பண்ணப் பாத்தேன், இந்திய நம்பருக்குத்தான் ஓடிபி வரும்னு அப்படியே நின்னுட்டு, என் கைல மஸ்கட் சிம் மட்டுந்தான், அங்கத்த பேங்க் கார்டையும் அந்த ஆப்பு ஏத்துக்கல. வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வாறவங்க பலருக்கும் இதே கஷ்டந்தான், கைல காசு இருந்தும் ஒரு டிக்கெட் எடுக்க அத்தான்கிட்ட போன கேக்க வேண்டியிருக்கு, இத கண்டிப்பா சரி பண்ணணும். கடைசில கவுண்டர்ல போயி காசு குடுத்தே வாங்கிட்டேன். நான் மலையாளத்துலதான் கேட்டேன், அம்மா பக்கத்துல நின்னு பேசுனத கேட்டதும் கவுண்டர்ல இருந்தவரு தமிழுக்கு மாறிட்டாரு, அம்மாவுக்கு முட்டுவலின்னு சொன்னதும் "ஓரத்து சீட்டா தாறேன்மா, எந்திரிக்க லேசா இருக்கும்"னு அவராவே பாத்துக் குடுத்தாரு. பக்கத்துலயே சாலை பஜார், அங்க தலைமுறை தலைமுறையா தமிழ் ஆளுங்க கடை வச்சிருக்காங்க, அதனால இந்தப் பக்கம் தமிழ் பேசுனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

இந்தத் தியேட்டர கட்டுன பி. சுப்பிரமணியம் நாகர்கோவில்ல பிறந்தவரு. தம்பானூர் நியூ தியேட்டரும் அவரு கட்டுனதுதான். 1951ல நேமத்துல மெரிலாண்ட் ஸ்டுடியோ ஆரம்பிச்சு நீலா புரொடக்‌ஷன்ஸ்ங்கற பேருல வரிசையா மலையாளப் படம் எடுத்தாரு. ஆலப்புழை உதயா ஸ்டுடியோவுக்கு சேவல் சின்னம்னா இவருக்கு முருகன். இப்ப தியேட்டர பாத்துக்கறது அவரோட பேரன். அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, நான் சொல்லச் சொல்ல "நம்ம ஊர்க்காரராலே!"ன்னு கண்ண விரிச்சு கேட்டுட்டே இருந்தா.

ஒரே காம்பவுண்டுல ஸ்ரீ பத்மநாபா, தேவிப்ரியான்னு ரெண்டு ஸ்க்ரீன். 2020ல கொரோனாவுக்கு பூட்டிக் கிடந்த நேரத்துல தீப்பிடிச்சு நல்ல சேதம், பழைய தியேட்டர்னா இந்த மாதிரி ஒண்ணு நடந்ததும் இடிச்சு காம்ப்ளெக்ஸ் கட்டிருவாங்க, இவங்க சரிபண்ணி மறுபடியும் படம் போட்டாங்க பாருங்க, அதுக்கே ஒரு தடவ போயி பாக்கணும். உள்ள சவுண்டு அருமை, வசனம் ஒவ்வொண்ணும் தெளிவா கேட்டுது, அம்மா சப்டைட்டில் பாக்காமலே முழுப் படத்தையும் பாத்து முடிச்சா. பெரிய மால் தியேட்டர்ல கிடைக்காதது இங்க கிடைச்சது என்னன்னா, இடைவேளைல வேலை பாக்குறவங்க வந்து "தண்ணி வேணுமா"ன்னு வயசானவங்ககிட்ட கேக்கறாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். மலையாள சினிமாவோட தந்தைன்னு சொல்ற ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரரு. சொத்த வித்து படம் எடுத்தாரு, திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டர்லதான் காட்டுனாரு, அதுல நடிச்ச பி.கே. ரோசிய தாழ்ந்த சாதின்னு அடிச்சு ஊர விட்டே விரட்டுனாங்க, டேனியலும் கடன்ல மூழ்கிப் போனாரு. 1975ல அவரு சாகுறப்ப அவர யாரும் பெருசா கண்டுக்கல, 1992ல இருந்துதான் கேரள அரசு அவரு பேருல விருது குடுக்குது. 1956ல எல்லை பிரிஞ்சப்ப எங்க மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தாச்சு, அதுக்காக சுப்பிரமணியத்தையும் டேனியலையும் பத்தி எங்க பிள்ளைகளுக்குச் சொல்லாம விடுறது ரொம்பத் தப்பு.

படம் முடிஞ்சதும் ஆட்டோ பிடிச்சு தம்பானூர் போயி இந்தியன் காபி ஹவுஸ்ல மசால்தோசை, காபி. லாரி பேக்கர்ங்கற கட்டிடக் கலைஞர் கட்டுன சுருள் கட்டிடம், உள்ள படி கிடையாது, சரிவாத்தான் ஏறுது, அம்மா மெதுவா நடந்து ஏறி முதல்ல காலியா இருந்த மேசையிலயே உக்காந்துட்டா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான், நாகர்கோவில் பஸ் அங்கயே கிடைக்கும். ராத்திரி ப்ளைட்டுக்கு வாறவங்க மத்தியானமே வந்துட்டா ஒரு மேட்னி தாராளமா பாக்கலாம், பெட்டி இருந்தா மட்டும் ரயில்வே ஸ்டேஷன் கிளாக் ரூம்ல போட்டுட்டு போங்க.