எட்டு ஆண்டுகள், 112 டைவ்கள்: பாளையங்கோட்டையில் வைத்துக் காத்த ஸ்கூபா கருவிகள்

பாளையங்கோட்டையிலிருந்து கடலைத் தொடவே ஒரு மணி நேரப் பயணம் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 2016-இல் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலை ஸ்கூபா பயிற்சியை முடித்த ஆசை அடங்குவதற்குள், 2017-இல் மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், டைவ் கம்ப்யூட்டர், ரெகுலேட்டர், காற்றேற்றி மிதப்பைச் சரிசெய்யும் சட்டையான பிசிடி என்று ஒரு முழுத் தொகுதியையே சொந்தமாக வாங்கிவிட்டேன். இதுவரை எழுதிவைத்திருக்கும் பதிவேட்டின்படி 112 டைவ்கள் ஆகியிருக்கின்றன. இவற்றில் எதை வாங்கியது சரி, எதை வாங்கியிருக்க வேண்டாம் என்பதை, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே கடலுக்குப் போக முடிகிற நம் பக்கத்து ஆட்களுக்காக எழுதுகிறேன்.

தூத்துக்குடி பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே இறங்கக் கூடாதா என்று கேட்காத உறவினர் இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நினைத்த நேரத்தில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு குதிக்கிற இடமல்ல. ஆகவே என் டைவ்கள் பெரும்பாலும் கேரளத்தின் கோவளத்திலும், கர்நாடகத்தில் முருடேசுவரத்தை அடுத்த நேத்ராணித் தீவிலும், அந்தமானிலும்தான் நடந்தன. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் கடல் மூடியதற்குச் சமம். எனவே கருவிகள் தண்ணீரில் இருந்த நேரத்தைவிட என் வீட்டு மாடியறையில் சும்மா கிடந்த நேரமே அதிகம். அவற்றுக்கு வந்த சேதங்களில் பெரும்பகுதியும் அங்கேதான் வந்தது.

முதலில் மாஸ்க். கண்ணாடியின்றி எனக்குப் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது என்பதால், பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் வாங்கினேன். நீருக்குள் பொருள்கள் கால் பங்கு அருகிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும் என்பது உண்மைதான்; ஆனாலும் மங்கலான மீன் பெரிதாகத் தெரிந்து என்ன பயன்? புது மாஸ்க்கின் உட்புறக் கண்ணாடியில் தயாரிப்பின்போது படியும் மெல்லிய சிலிக்கான் படலத்தை, சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்து நான்கைந்து முறை கழுவி எடுத்த பிறகுதான் பனி படர்வது நின்றது. எட்டு ஆண்டுகளில் பட்டை ஒரு முறை மாற்றியதோடு சரி. கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள் இது என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்து டைவ் கம்ப்யூட்டர். கைக்கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் இது, ஆழத்தையும் நேரத்தையும் தொடர்ந்து அளந்து, உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று கணக்கிட்டு, இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டுகிறது. வேகமாக மேலேறினால் அந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழியாகிவிடும் என்பதால், நிமிடத்துக்குப் பத்து மீட்டரைத் தாண்டினால் கத்துகிறது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வைத்து எண்ணுகிறது. வாடகைக் கருவிகளோடு இது எப்போதும் கிடைப்பதில்லை. அப்படியே கிடைத்தாலும், அன்று காலையில் அதை யார் கட்டிக்கொண்டு எவ்வளவு ஆழம் போனார்களோ, அந்த நைட்ரஜன் கணக்கு நம் தலையில் விழும்.

2019-இல் நேத்ராணியில் பன்னிரண்டு மீட்டரில் பார்க்கிறேன்: திரையின் ஓரத்தில் மூக்குத்தியளவு நீர்த்துளி. அது மெல்ல மெல்லப் பரவி எண்கள் கரைந்தன. வழிகாட்டிக்குச் சைகை காட்டி, அவரோடு ஒட்டிக்கொண்டே மேலேறினேன். கணக்கு தொலைந்துவிட்டால் இருபத்துநான்கு மணி நேரம் மீண்டும் இறங்கக் கூடாது என்பதால் மறுநாள் காலை டைவும் போயிற்று. வீட்டுக்கு வந்து பேட்டரி மூடியைத் திறந்தபோது, தண்ணீர் புகாமல் அடைக்கும் கறுப்பு ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் குறுக்காக ஒரு வெள்ளை நூல் ஒட்டிக் கிடந்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் நானே பேட்டரி மாற்றி, கையிலிருந்த ஈரிழைத் துண்டால் துடைத்து மூடியதன் விளைவு அது. கருவியின் மேல் குற்றமில்லை. நல்ல வேளையாக, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஓ-ரிங்கை மாற்றிய பிறகு அது உயிர் பெற்றது. இன்றும் பயிற்சியாளர்களின் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் அரை மீட்டருக்குள்தான் வேறுபாடு.

ரெகுலேட்டரும் பிசிடியும்தான் என் பணத்தைத் தின்றவை. சிலிண்டரின் 200 பார் அழுத்தக் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இறக்கி வாய்க்குக் கொடுப்பது ரெகுலேட்டர். 1943-இல் குஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய அடிப்படையே இன்றும் தொடர்கிறது. பொறி எளியதுதான், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை சர்வீஸ் செய்ய வேண்டும், அதற்குத் திருநெல்வேலியில் ஆள் இல்லை. வெளியூர் சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பியது ஐந்து மாதம் கழித்துத் திரும்பிவந்தது. வந்த பின்னும் லேசாகச் சீறிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆண்டு, கோடையில் மூடி போடாமல் ஆணியில் தொங்கவிட்டிருந்த அதன் வாய்ப்பகுதிக்குள் குளவி மண்கூடு கட்டிவிட்டது. புறப்படுவதற்கு முன் முகர்ந்து பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன்.

பிசிடியைக் கெடுத்தது எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். உப்பைக் கழுவுகிறோம் என்று நினைத்து, குழாயிலேயே சுண்ணாம்பு படிகிற கடினமான தண்ணீரில் நான்கு ஆண்டுகள் அலசிக்கொண்டிருந்தேன். கோவளத்தில் ஒன்பது மீட்டரில் காற்றேற்றும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளே போன பொத்தான் வெளியே வரவில்லை. சட்டை உப்பிக்கொண்டே போக, உடல் தானாக மேலே எழத் தொடங்கியது. ஒரு கையால் காற்றை வெளியேற்றும் கயிற்றை இழுத்தபடி, மறுகையால் குழாயின் இணைப்பைக் கழற்றிய அந்த நான்கைந்து நொடிகளில், மூச்சை அடக்கிவிடக் கூடாது என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் குறையும். அடக்கிய மூச்சு நுரையீரலுக்குள்ளேயே விரியும். கரைக்கு வந்து பொத்தானைப் பிரித்தால் சுண்ணாம்பு மணல்போல் உதிர்ந்தது. அதன் பிறகு அலசுவதெல்லாம் மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில்தான். இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்வதில் வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில், இளவயதில் சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கருவியைக் காட்டியிருக்கிறேன். இந்தப் பக்கக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனதை நினைவிலிருந்து சொன்னவர், ரெகுலேட்டரை வாயில் வைத்து இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “எட்டுப் பாகத்துல மூச்ச அடக்குனாத்தான் எங்களுக்குச் சோறு, அடக்குனா ஒங்களுக்குச் சாவா? நல்லாருக்கு அண்ணாச்சி ஒங்க தொழிலு!” என்றார். (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி.) என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை அண்ணாச்சி என்றது கேலிக்காகவே இருக்க வேண்டும். நிதானமாக மூச்சுவிடக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. 18 மீட்டரில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல 2.8 மடங்கு காற்றைச் செலவழிக்கும். தொடக்கத்தில் அந்த ஆழத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்காத அதே சிலிண்டர், இப்போது ஐம்பது நிமிடத்தை நெருங்குகிறது. எந்தக் கருவியை மாற்றியும் கிடைத்ததல்ல இந்த லாபம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டைவ் முடித்துப் பதினெட்டு மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலையேறுவதும் அப்படித்தான் என்பது தெரிவதில்லை. கோவளத்திலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வீடு திரும்புவதில் சிக்கலில்லை, ஆனால் மறுநாள் விடியற்காலையிலேயே பிள்ளைகளோடு ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள மாஞ்சோலைக்குப் புறப்பட்டால், காற்றழுத்தம் குறைந்து அதே நைட்ரஜன் ஆபத்துதான். நான் ஒருமுறை வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டு, கணக்குப் பார்த்த பிறகு ரத்து செய்தேன்.

2023-இல் ரெகுலேட்டரையும் பிசிடியையும், சர்வீஸ் ரசீதுகளோடும் குளவிக் கதையோடும், கடற்கரையிலேயே வசிக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டேன். நான் போகும் மையங்களில் டைவுக்கான கட்டணத்திலேயே அவை இரண்டும் அடங்கிவிடுகின்றன. இறங்கும் முன் பொத்தானை நாலு முறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது பையில் இருப்பவை மாஸ்க், கம்ப்யூட்டர், தேய்ந்த ஃபின்கள் ஆகிய மூன்று மட்டுமே. ஜனவரியில் கோவளம் போவதற்கு முன் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த முறை ஈரிழைத் துண்டை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகப் போவதில்லை.