கார் பெயின்ட்டில் மார்க்கர் கறை: ஸ்பிரிட்டா, தின்னரா, காம்பவுண்டா?

கார் கதவில் பர்மனென்ட் மார்க்கர் கிறுக்கல் விழுந்துவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் பெட்ரோல் என்பார், இன்னொருவர் தின்னர் என்பார், டூத் பேஸ்ட் போதும் என்று சொல்லவும் ஆள் இருக்கும். கறை போகுமா என்று மட்டும் பார்த்து இதில் ஒன்றை எடுக்கக் கூடாது. கறையோடு சேர்ந்து வேறு என்ன போகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது வரும் கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. மார்க்கர் மை முதலில் இதன் மேல்தான் உட்காருகிறது. மையில் சாயம், பிசின், இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் ஆல்கஹால் என மூன்றும் இருக்கும். ஆல்கஹால் ஆவியானதும் பிசின் சாயத்தைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். ஷாம்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையாததற்கு இதுதான் காரணம். எதில் கரைந்திருந்ததோ அதையே திரும்பக் கொடுத்தால் இளகிவிடும்.

அதனால் என் முதல் தேர்வு ஸ்பிரிட், அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 70 சதவீதக் கரைசலே போதும். முதலில் காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு அந்த இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக் கறையின் மேல் சில விநாடி ஒற்றி வைத்து, ஒரே திசையில் வழித்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் துணியின் புது மடிப்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கரைந்த சாயம் சுற்றிலும் பரவும். ஆலையில் சூட்டில் இறுகிய பெயின்ட் இந்தச் சிறு நேரத்தைத் தாங்கும். பட்டறையில் அண்மையில் அடித்த பெயின்ட் என்றால் சில வாரம் காயவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஸ்பிரிட் கையில் இல்லையென்றால் சானிடைசர் ஜெல். உலக சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் செய்முறையிலேயே 80 சதவீத எத்தனால் அல்லது 75 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். ஜெல் வழியாமல் நிற்பதால் செங்குத்தான கதவில் திரவத்தைவிட வசதி. பிறகு கழுவிவிடுங்கள், இல்லையென்றால் பிசுபிசுப்பு தங்கும். ஒற்றைக் கோடுதான் என்றால் அதன் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி, காய்வதற்குள் துடைப்பதும் பலன் தரும். அதுவும் ஆல்கஹால் மைதான்.

தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனும் வேகத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனாலும் வீட்டில் கை வைக்க நான் சொல்ல மாட்டேன். மறுபெயின்ட் செய்த பகுதியில் அடித்தது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டாக இருந்தால், அது தின்னரில் கரைத்து அடித்தது. எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் திரும்பக் கரையும். கறையோடு நிறமும் துணியில் வந்துவிடும். பெயின்டர் தைரியமாகத் தின்னரால் துடைக்கிறார் என்றால், தகட்டில் என்ன பெயின்ட் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், கெட்டால் திரும்ப அடிக்க ஸ்பிரே கன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. ஹெட்லைட் மூடியின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் இவை பட்டால் வெளுத்து, நுண்ணிய வெடிப்பு விழும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 மூன்றும் தார், ஸ்டிக்கர் பசைக்கு நல்லவை. ஆல்கஹாலில் கரையும் மைக்கு அவ்வளவு பொருத்தமில்லை. பெட்ரோலுக்குத் தீ ஆபத்தும் உண்டு.

மை பல நாள் வெயிலில் கிடந்திருந்தால் சாயம் கிளியர் கோட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும். ஸ்பிரிட் மேல் மையை எடுத்த பிறகும் மங்கலான நிழல் தெரியும். அப்போதுதான் ரப்பிங் காம்பவுண்ட். இது கறையைக் கரைப்பதில்லை, கறை இறங்கிய படலத்தையே சுரண்டி எடுக்கிறது. சுரண்டிய கிளியர் கோட் திரும்ப வளராது. அதனால் குறைவாக அரைக்கும் பாலிஷில் ஆரம்பித்து, போதாவிட்டால் மட்டும் காம்பவுண்டுக்குப் போங்கள். கதவின் ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் கை அழுந்தக் கூடாது. அங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய கார் என்றால் மறைவான இடத்தில் பாலிஷ் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் கிளியர் கோட்டே இல்லை, நேராக நிறம்தான் தேயும். டூத் பேஸ்ட்டும் அரைத்தெடுப்பதுதான், ஆனால் பல்லுக்காகச் செய்தது. கறுப்பு காரில் அது விட்டுவைக்கும் மங்கலை எடுக்கக் கடைசியில் பாலிஷ்தான் போட வேண்டியிருக்கும்.

பெயின்ட் மார்க்கர் என்றால் கதை வேறு. அது சாய மை அல்ல, பெயின்ட்டேதான். ஸ்பிரிட்டுக்கு லேசில் மசியாது, டீடெய்லிங் கடைக்காரரிடம் விடுவது நல்லது. பால்பாயின்ட் பேனா மை ஸ்பிரிட்டில் போய்விடும், ஆனால் அழுத்தி எழுதிய பள்ளம் நிற்கும். அதற்குக் கறை நீக்கி உதவாது.

மேட் பெயின்ட்டிலும், பெயின்ட் அடிக்காத கறுப்பு பம்பரிலும் பாலிஷ், காம்பவுண்ட் இரண்டும் வேண்டாம். மேட் பரப்பு தேய்த்த இடத்தில் மட்டும் பளபளக்கும், பம்பரின் சொரசொரப்பில் வெள்ளைப் பொடி தங்கும். அங்கே ஸ்பிரிட் எடுக்கிற அளவுதான். மற்ற இடங்களில் வேலை முடிந்ததும் கழுவி மெழுகு பூசிவிடுங்கள். ஸ்பிரிட் பழைய மெழுகையும் சேர்த்தே எடுத்திருக்கும்.