வீட்டுக்கு வந்து சேர்ந்த பழைய கிதார்: மதிப்பை யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் ஒருவர் காலமாகி, அவர் வாசித்துவந்த கிதார்கள் பிள்ளைகளின் கைக்கு வரும்போது, அவற்றின் மதிப்பை அறிய நான்கு வழிகள் வழக்கில் உள்ளன. இணையச் சந்தைகளில் ஏற்கெனவே முடிந்த விற்பனைகளைப் பார்க்கலாம்; பழைய கிதார்களை வாங்கி விற்கும் கடைக்காரரிடம் காட்டலாம்; கட்டணம் செலுத்தி எழுத்து வடிவில் மதிப்பீடு பெறலாம்; ஏல நிறுவனத்தை அணுகலாம். ஒரே கிதாரை நால்வரிடமும் காட்டினால் நான்கு வெவ்வேறு தொகைகள் வரும். அவர்களில் எவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் பதில் சொல்லும் கேள்வியே வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கிதார் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதில் எவ்வளவு பாகம் மாற்றப்படாமல் இருக்கிறது என்பதை உறுதிசெய்யப் பணம் செலவிடுவது பெரும்பாலும் தகும், விலையை மட்டும் சொல்லக் கேட்டுப் பணம் செலவிடுவது சில நேரங்களில்தான் தகும்.

அடையாளம் ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கு, மின்கிதார்களுக்குப் பெயர்பெற்ற ஃபெண்டர் நிறுவனத்தின் வரலாறே போதுமான விளக்கம். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற ஃபெண்டர் மாதிரியும் பத்து ஆண்டு கழித்துச் செய்யப்பட்டதும் தெரியாதவர் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சந்தையில் முன்னதன் விலை பின்னதைவிடப் பல மடங்கு. பழைய கிதாராகவே இருந்தாலும், யாராவது அதன் வண்ணத்தைச் சுரண்டி மறுபடி பூசியிருந்தால் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது வணிகர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. கிப்சன் என்ற மற்றொரு அமெரிக்க நிறுவனத்தின் கிதார்களில் தலைப்பகுதி உடைந்து ஒட்டப்பட்டிருந்தாலும் இதே கதிதான், ஒட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும்.

வரிசை எண்ணை இணையத்தில் தட்டினால் ஆண்டு தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மரக் கிதார்களுக்குப் பெயர்பெற்ற மார்ட்டின் நிறுவனத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. 1898 முதல் 8000 என்ற எண்ணில் தொடங்கி ஒழுங்காக எண்ணிட்டு வந்திருக்கிறார்கள், ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால் கழுத்து பொருந்தும் கட்டையில் அந்த எண் இருக்கும். கிப்சனில் அந்த வசதி இல்லை. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் ஒரே எண்ணைப் பல ஆண்டுகளில் பல கிதார்களுக்குப் போட்டிருக்கிறார்கள். அத்தகைய கிதாரில் ஒலியளவுக் குமிழுக்கு அடியில் இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகமான பொட்டென்ஷியோமீட்டரின் மேல் பொறித்த எண்ணே துணை செய்யும்: 1376633 என்றிருந்தால் 137 அதைச் செய்த நிறுவனத்தையும், 66 ஆண்டையும், 33 அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கும். அந்தப் பாகம் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதாகவே இருந்தால், கிதார் 1966 ஆகஸ்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் பற்றவைப்பு பழையதா, பின்னாளில் யாரோ செய்ததா என்று பார்த்துச் சொல்வதற்குப் பழகிய கண் வேண்டும்.

அந்தக் கண் உள்ளவர் மேற்சொன்ன நால்வரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கிதார் செய்து பழுதுபார்க்கும் லூத்தியர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கூலி கொடுத்து, கிதாரைத் திறந்து பார்க்கச் சொல்வதே நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. அவருக்கு அதை வாங்கும் எண்ணமோ விற்றுக்கொடுக்கும் எண்ணமோ இல்லை. புற ஊதா விளக்கில் லாக்கர் என்ற பழைய மேற்பூச்சு ஒளிரும் விதத்தை வைத்து மறுபூச்சு நடந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பாகம்), முறுக்காணிகள், பிரிட்ஜ் (கம்பிகளை உடலில் தாங்கும் பாகம்) ஆகியவை மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார். பழைய மார்ட்டின் என்றால் கழுத்தின் சாய்வு கெட்டு, அதைக் கழற்றி மறுபடி பொருத்தப் பல நூறு டாலர் செலவாகுமா என்பதையும் சொல்வார். இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் கிதாரைத் துடைத்து மெருகேற்றவோ துருப்பிடித்த பாகங்களைப் புதிதாக மாற்றவோ கூடாது. கிதார் இருந்த பெட்டியையும் அதற்குள் கிடக்கும் வாங்கிய ரசீது, விலைச் சீட்டு, பழைய வார் போன்றவற்றையும் எறிந்துவிடக் கூடாது. 1950களின் கிப்சன் பெட்டி ஒன்று தனியாகவே, பலர் வீட்டில் இருக்கும் கிதாரைவிடக் கூடுதலாக விலைபோகும்.

லூத்தியரின் தாள் கையில் இருந்தால், இணைய விற்பனைப் பதிவு என்ற முதல் வழி பயன் தரத் தொடங்குகிறது. இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ரிவர்ப் என்ற இணையதளத்தின் விலை வழிகாட்டியும், ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியும் செலவில்லாதவை. இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்: விற்பனைக்கு வைத்திருக்கும் விலையைப் பார்க்கக் கூடாது, விற்ற விலையை மட்டுமே பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் கிதாரின் விலைச்சீட்டு அதன் உரிமையாளரின் ஆசையைத்தான் காட்டுகிறது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு அடிக்கடி கைமாறும் கிதார்களுக்கு, எடுத்துக்காட்டாக மெக்சிகோவில் செய்த ஃபெண்டர், எபிஃபோன், யமஹா போன்றவற்றுக்கு, இதைவிடத் துல்லியமான வழி வேறில்லை. ஆனால் 1950களின் அரிய மாதிரி ஒன்றுக்கு ஆண்டில் இரண்டு மூன்று விற்பனைகளே கிடைக்கும். அவற்றின் நிலை நம் கிதாரோடு ஒத்திருக்கிறதா என்பதை நான்கு படங்களை வைத்துத் தீர்மானிக்க இயலாது. விண்டேஜ் கிதார் இதழ் ஆண்டுதோறும் வெளியிடும் விலைக் கையேட்டிலும் இதையொத்த சிக்கல் உண்டு: அதில் உள்ள தொகைகள் எல்லாப் பாகங்களும் மாறாமல், நல்ல நிலையில் உள்ள கிதாருக்கானவை. மேல் எல்லைத் தொகையை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

மரபுரிமையாக வரும் கிதார்களில் பெரும்பாலானவை ஃபெண்டரும் மார்ட்டினும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிகாகோவின் ஹார்மனி, கே நிறுவனங்கள் செய்தவையும், சியர்ஸ் கடைகள் சில்வர்டோன் என்ற பெயரில் விற்றவையும்தான் வீடுகளில் மிகுதி. இவற்றில் சில மாதிரிகளுக்கு இப்போது நல்ல தேவை இருந்தாலும், பெரும்பாலானவை சில நூறு டாலர்களே பெறும். அவற்றுக்கு இணையப் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம், லூத்தியர்கூடத் தேவையில்லை.

கடைக்காரர் என்ற இரண்டாவது வழியை மக்கள் தேவைக்கு மேல் சந்தேகிக்கிறார்கள். நாஷ்வில்லில் 1970இல் தொடங்கிய க்ரூன் கிட்டார்ஸ், மிச்சிகனில் 1972இல் தொடங்கிய எல்டர்லி இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் போன்ற கடைகளில் உள்ளவர்கள் ஒரே மாதிரியின் பல எடுத்துக்காட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள். அடையாளம் காண்பதில் அவர்களை மிஞ்சுவது கடினம். சிக்கல் அவர்களது அறிவில் இல்லை, அவர்கள் சொல்லும் தொகை எதைக் குறிக்கிறது என்பதில் இருக்கிறது. நகைக்கடையில் நாம் விற்கும்போது ஒரு தொகையும் வாங்கும்போது வேறொரு தொகையும் இருப்பதைப் போன்றதே இது. கடைக்காரர் 6,000 டாலருக்கு விற்கக்கூடிய ஒரு கிதாருக்கு நம்மிடம் உடனே கொடுப்பது ஏறத்தாழ 3,000 முதல் 4,000 டாலராக இருக்கும். பழுது நீக்குதல், வாடகை, விற்கும்வரை முடங்கும் முதல், எல்லாமே அந்த இடைவெளியிலிருந்துதான் வர வேண்டும். அதே கடையில் கிதாரை ஒப்படைத்து, விற்ற பிறகு பணம் பெறும் ஏற்பாட்டில், கடை 20 அல்லது 25 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் நமக்கு 4,500 முதல் 4,800 வரை கிடைக்கும், காத்திருக்கப் பொறுமை இருந்தால். எனவே கடைக்காரரிடம் 'இது என்ன பெறும்?' என்று பொதுவாகக் கேட்காமல், 'நீங்கள் இன்று என்ன கொடுப்பீர்கள், ஒப்படைத்தால் என்ன விலை வைப்பீர்கள்?' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதே முறை. அடகுக் கடை இந்த ஒப்பீட்டிலேயே சேராது.

கட்டண மதிப்பீடு என்ற மூன்றாவது வழி, விற்க நினைப்பவருக்கு அல்ல, காகிதம் தேவைப்படுபவருக்கு உரியது. அத்தகைய தேவைகள் மூன்று. முதலாவது வரி: அமெரிக்கச் சட்டப்படி மரபுரிமையாக வந்த சொத்தின் அடக்க விலையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது, இறந்தவர் வாங்கிய விலை அன்று, அவர் இறந்த நாளில் இருந்த சந்தை மதிப்பு. தந்தை 1963இல் 200 டாலருக்கு வாங்கிய கிதாரை மகள் 15,000 டாலருக்கு விற்றால், இறந்த நாளின் மதிப்பும் 15,000 என்று காட்டும் ஆவணம் இருக்குமானால், வரிக்குரிய ஆதாயம் என்று ஏதும் இல்லை. இரண்டாவது காப்பீடு, அங்கே கேட்கப்படுவது அதே கிதாரை மறுபடி வாங்க ஆகும் செலவு, அதாவது கடையின் விற்பனை விலை. முதல் தேவைக்கு எழுதிய மதிப்பீட்டை இரண்டாவதற்குக் கொடுத்தால் இழப்பு நேரும்போது பணம் போதாது. மூன்றாவது, உடன்பிறந்தோர் பாகம் பிரிப்பது. ஒருவர் கிதாரையும் மற்றவர் ஈடான பணத்தையும் எடுத்துக்கொள்ளும்போது, இருவருக்கும் தொடர்பில்லாத ஒருவர் கையெழுத்திட்ட தாள் மிகப் பெரிய உதவி. இந்த மூன்றுக்கும் மதிப்பீட்டாளர் அந்தக் கிதாரை வாங்காதவராக இருக்க வேண்டும். கட்டணத்தை, சொல்லும் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் மதிப்பை உயர்த்தினால் அவர் வருமானமும் உயரும்.

ஏலத்தைப் பற்றிய எதிர்பார்ப்புகளைக் கெடுத்தவை செய்திகள்தாம். 2019இல் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்கும், 2020இல் நிர்வாணா இசைக்குழுவின் கர்ட் கோபேனின் மார்ட்டின் டி-18இ ஜூலியன்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேலும் போயின. அங்கே விலைபோனது அதை வாசித்த கை. 'புகழ்பெற்ற ஒருவர் அப்பாவிடம் விற்றதாகச் சொல்வார்கள்' என்ற குடும்பக் கதைக்கு ஏலத்தில் மதிப்பில்லை. மேடைப் படத்தில் தெரியும் மரத்தின் வரிகளும் கீறல்களும் கையில் உள்ள கிதாரோடு பொருந்த வேண்டும். அத்தகைய சான்று இல்லாத கிதாருக்கும் ஏல நிறுவனம் இலவசமாகவே உத்தேச மதிப்பு சொல்லும். ஆனால் அது பொருளைத் தங்களிடம் வரவழைப்பதற்கான தொகை. விற்பவரிடம் ஒரு கமிஷனும், வாங்குபவரிடம் விலைக்கு மேல் 20 சதவீதமோ அதற்கு மேலோ பெறப்படுவதால், செய்தியில் வரும் தொகைக்கும் வீட்டுக்கு வரும் தொகைக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. இருபது முப்பது கிதார்களை ஒரே நாளில், எல்லா வாரிசுகளும் பார்க்கும்படி விற்றுத் தீர்க்க வேண்டிய நிலை என்றால் மட்டும் ஏலத்தை நான் மற்றவற்றுக்கு முன்னால் வைப்பேன்.

வாரிசு வேறு நாட்டில் இருந்தால் கணக்கில் மரமும் சேர்ந்துகொள்கிறது. மார்ட்டின் டி-28 மாதிரியின் பக்கங்களும் முதுகும் 1969 வரை பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டால் செய்யப்பட்டன. அதன்பின் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி, அதாவது தோதகத்தி மரத்துக்கு மாறினார்கள். இந்த ஒரு மாற்றத்தால் 1966ஆம் ஆண்டு டி-28க்கும் 1971ஆம் ஆண்டு டி-28க்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் பிரேசில் மரம் 1992 முதல் இருக்கிறது. ஈட்டி முதலிய பிற ரோஸ்வுட் வகைகளால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளித்தபோதும் பிரேசில் மரத்துக்கு அது கிடைக்கவில்லை. எனவே அந்த மரத்தால் ஆன கிதாரை அமெரிக்காவிலிருந்து சென்னைக்கோ டொராண்டோவுக்கோ அனுமதியின்றிக் கொண்டுசெல்வது சட்டப்படி கூடாது. அனுமதி கேட்கும்போதும் மரம் எது, எந்த ஆண்டில் செய்தது என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியிருக்கும். லூத்தியர் அல்லது மதிப்பீட்டாளரின் தாளில் அந்த இரண்டு விவரங்களையும் முதலிலேயே எழுதச் சொல்வது நல்லது. விற்பதுதான் நோக்கம் என்றால், கிதாரை எல்லை தாண்ட விடாமல் அங்கேயே ஒரு கடையில் ஒப்படைத்துவிடுவது எளிது.