இரவில் பூக்கும் இரு கள்ளிகள்: ஹவாயில் சுவருக்கு எது, வராந்தாவுக்கு எது?

ஹவாயில் ‘நைட் புளூமிங் சீரியஸ்’ என்று கேட்டு வாங்கினால் இரண்டு செடிகளில் ஏதோ ஒன்று கைக்கு வரும். முப்பட்டைத் தண்டோடு சுவரேறும் செலினிசீரியஸ் அண்டேட்டஸ் ஒன்று. ஹைலோசீரியஸ் என்ற பழைய பெயரில் பலருக்கும் தெரிந்த டிராகன் பழக் கொடி இதுதான், இனி கொடிக்கள்ளி என்போம். மற்றது எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம். இலை போன்ற தட்டைத் தண்டு, முள் கிடையாது. நம்மூர் மாடிகளில் நிஷாகந்தி என்றும், தவறாக பிரம்மகமலம் என்றும் வளர்க்கிறோமே, அதே செடி. வெயில் படும் கல்சுவர் இருக்கிறதென்றால் என் ஓட்டு முதலாவதற்குத்தான்.

பூவை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டும் வெள்ளை, இருட்டிய பின் விரிந்து விடிந்ததும் துவண்டுவிடும். வாசனையில் நிஷாகந்தி ஒரு படி மேல். ஆனால் ஒரே இரவில் சுவர் நிறையப் பூப்பது கொடிக்கள்ளிதான், பூ ஒவ்வொன்றும் ஓரடி நீளம் வரை போகும். ஹோனலூலுவில் புனஹோ பள்ளியின் எரிமலைக்கல் மதிலில் இருப்பது இந்த இனம். 1836-ல் கிறிஸ்தவ மிஷனரி ஹைரம் பிங்ஹாமின் மனைவி சிபில் பிங்ஹாம் நட்டதாகச் சொல்வார்கள். வெயில் கணக்கும் சுருக்கம்: கொடிக்கள்ளி நிழலில் வளரும், ஆனால் பூக்காது, நிஷாகந்தி நேர்வெயிலில் மஞ்சளாகிக் கருகும்.

தீர்மானிப்பது எடையும் கவாத்தும். சில ஆண்டுகள் வளர்ந்த கொடிக்கள்ளி ஒன்று 50 கிலோவைத் தாண்டும், மழைக்குப் பின் இன்னும் கனக்கும். மரச்சட்டத்தில் ஏற்றினால் கரையானும் ஈரமும் சட்டத்தை முடித்துவிடும். செடி மட்டும் அப்படியே இருக்கும். பலகைச் சுவர் வீட்டில் சாய்த்து விடவே கூடாது. வழவழப்பாகப் பூசி வர்ணம் அடித்த சுவரில் காற்றுவேர் சரியாகப் பிடிக்காது, வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று (trade wind) பலமாக வீசும் நாளில் கொத்தாகக் கழன்று விழும். சொரசொரப்பான எரிமலைக்கல், பூசாத சிமென்ட் கல், கான்கிரீட் தூண் ஆகிய மூன்றும்தான் இதற்குத் தோது.

நடுவது எளிது. 30 முதல் 40 செ.மீ. நீளத்தில் முற்றிய போத்தை எடுத்து, வெட்டுவாய் காயும்வரை 5 முதல் 7 நாள் நிழலில் போடுங்கள். காயாமல் நட்டால் அடி அழுகிவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வளர்ந்த திசை மாறாமல், 5 செ.மீ. ஆழம் போதும். பட்டையான பக்கம் கல்லைத் தொடும்படி துணிக்கீற்றால் கட்டுங்கள். கம்பி கட்டினால் தண்டை அறுத்துவிடும். சுவர் உச்சியைத் தொடும்வரை ஒரே தண்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். உச்சியில் நுனியை வெட்டினால் கிளைகள் பிரிந்து தொங்கும், அந்தத் தொங்கும் முற்றிய கிளைகளில்தான் மொட்டு நிறைய வரும். இது தெரியாமல் கீழேயே புதராக விடுகிறவர்களுக்குத்தான் ‘பச்சை மட்டும் இருக்கிறது, பூ இல்லை’ என்ற குறை.

கவாத்துக்குப் பூப்பருவம் ஓய்ந்த பிறகு, மழை இல்லாத நாளாகப் பாருங்கள். உள்ளே நெருக்கியிருப்பதையும் நோய்ப்பட்டதையும் கணுவில் வெட்டி எடுக்கவும். கள்ளி வைரஸ் சாறு வழியே பரவும் என்பதால் ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வேலை அதோடு முடியவில்லை. வெட்டிப்போட்ட துண்டு மண்ணைத் தொட்டால் வேர்விடும், வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தும் சாகாது. ஓடையோரத்தில் கொட்டினால் அங்கே மரமேறிக் கிளையை அமுக்கும். இந்தச் செடி ஹவாய்க்கு அந்நியம். தோட்டம் தாண்டித் தானாக வளர்ந்து நிற்பதற்குக் குப்பையாகக் கொட்டிய துண்டுகளும் ஒரு காரணம். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயிலில் வைத்து, கூழான பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர் கொடிக்கள்ளியை எடுக்க வேண்டாம்.

பழம் கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எதிர்பார்க்க வேண்டாம். தாயகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில் வௌவாலும் பருந்து அந்துப்பூச்சியும் மகரந்தம் சுமக்கும். ஹவாயின் சொந்த வௌவால் பூச்சி தின்பது, பூ அதற்குப் பொருட்டில்லை. விடியலில் தேனீ வந்தால் உண்டு. பல சுவர்ச்செடிகளுக்குத் தன் மகரந்தம் ஒட்டுவதில்லை. சிவப்புச் சதை ரகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பூ விரிந்த இரவிலேயே மென்தூரிகையால் அதன் தூளை எடுத்துச் சூல்முடியில் தடவினால் 30 முதல் 50 நாளில் பழம். ஒட்டாத பூ சில நாளில் மஞ்சளாகி உதிரும். பழத்தைச் செடியிலேயே விட்டுவிடாதீர்கள். பறவைகள் விதையைக் கொண்டுபோய்விடும்.

நிஷாகந்திக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 20, 25 செ.மீ. தொட்டி, மரப்பட்டையும் நுண்துளை எரிமலைச் சரளையும் கலந்த கலவை, காலை வெயில் மட்டும் படும் வராந்தா. தொட்டி பெரிதானால் தண்டுதான் வளரும், பூ குறையும். ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கு மேல் மழை கொட்டும் ஹிலோ பக்கம் என்றால் நானும் கட்சி மாறுவேன். அங்கே கொடிக்கள்ளித் தண்டு அழுகலோடு மல்லுக்கட்டுவதைவிட, கூரைக்கடியில் நிஷாகந்தித் தொட்டி இரண்டைத் தொங்கவிடுவது மேல்.