திருகோணமலையில் சுற்றித் திரிய: தானே ஓட்டுவதா, சாரதியோடா, மச்சானின் மோட்டார் சைக்கிளிலா?

கனடாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்து இரண்டு கிழமை திருகோணமலையில் நிற்பவருக்கு நாலு வழி இருக்கிறது. வாடகைக் காரைத் தானே ஓட்டலாம். சாரதியோடு கார், வான் பிடிக்கலாம். உப்புவெளியில் ஸ்கூட்டி எடுக்கலாம். அல்லது வீட்டில் சும்மா நிற்கிற மச்சானின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகலாம். காசு முடியாதது கடைசி வழி மட்டும்தான். ஆனால் பிழைத்துப் போனால் ஆகக் கூடுதலாகக் காசு பிடுங்குவதும் அதுதான்.

எதை எடுத்தாலும் முதலில் கடதாசியைப் பாருங்கள். வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் இருந்தால் இங்கே போதாது. இலங்கையில் கணக்கில் வருவது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் சர்வதேச அனுமதிப்பத்திரம். கனடாவும் இந்தியாவும் தருவது அதே வகை, ஒரு வருடத்துக்குச் செல்லும். பிரித்தானியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை கிடைப்பதால் 1949 என்று சொல்லியே கேட்க வேண்டும். அந்தப் புத்தகத்தோடு கொழும்பு 3இல் காலிமுகத்திடல் பக்கம் இருக்கும் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனுக்குப் போய் அங்கீகாரப் பத்திரம் எடுத்தால்தான் வேலை முடியும். ஜெர்மனியும் சுவிஸும் தருவது 1968ஆம் ஆண்டு வகை. அவர்களுக்குப் பொருந்தும் வழி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம். முன்பு அதற்குக் கொழும்புக்கு அருகே இருக்கும் வேரஹெர வரை அலைய வேண்டியிருந்தது. 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கவுண்டர் திறந்துவிட்டார்கள். கொழும்பைத் தாண்டி ஊருக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தால் திரும்பவும் 260 கிலோமீற்றர் போக வேண்டும். இதை விமானம் ஏற முன் முடிவெடுப்பது நல்லது.

அடுத்தது வகுப்பு. சர்வதேசப் புத்தகத்தில் 'ஏ' மோட்டார் சைக்கிள், 'பி' கார். ஏயில் முத்திரை இல்லாவிட்டால் ஸ்கூட்டியும் ஓடக் கூடாது. “கார் லைசன்ஸில் சின்ன ஸ்கூட்டி ஓடலாம்தானே” என்பவர்கள் நினைப்பது ஐரோப்பாவின் 50 சீசீ வண்டியை. இங்கே வாடகைக்கு நிற்பவை பெரும்பாலும் 110, 125 சீசீ. ஒன்டாரியோக்காரருக்கு 'எம்' வகுப்பு இல்லாமல் வெறும் 'ஜி' இருந்தால் அதே கதைதான். ஓட்டோவுக்கோ உள்நாட்டிலேயே பி1 என்று தனி வகுப்பு. வாடகைக்குத் தருபவர் லைசன்ஸைக் கேட்காமல் சாவியைத் தந்தால் அது சலுகை அல்ல. விழுந்து எழும்பினால் பொறுப்பு உங்கள் தலையில்.

மச்சானின் வண்டியில் பிரச்சினை இன்னும் ஒரு படி ஆழம். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் சரியாக இருந்தாலும், ஓட்டியவரிடம் செல்லுபடியான லைசன்ஸ் இல்லையென்றால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். பிடிபட்டால் லைசன்ஸ் இல்லாத குற்றத்துக்குத் தண்டம் 25,000 ரூபாவுக்குக் குறையாது, அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் மாட்டுவார். உறவு முறிய வேறு காரணம் தேவையில்லை.

காரைத் தானே ஓட்டுவதில் கடதாசி சரியென்றால் கைப்பழக்கம்தான் மிச்சச் சிக்கல். இங்கே ஓடுவது இடப்பக்கம். சனம் நிறைந்த வீதியில் முன்னால் போகும் பஸ்ஸே வழி காட்டிவிடும். பிழை வருவது விடியக்காலையில், நிலாவெளிக் கடற்கரை ஒழுங்கையிலிருந்து வெறிச்சோடிய புல்மோட்டை வீதிக்கு ஏறும்போது. கை தானாக வலப்பக்கத்துக்குத் திருப்பிவிடும். இன்னொன்று, இங்குள்ள பெரும்பாலான கார்கள் ஜப்பானியவை. சிக்னல் கம்பு ஸ்டியரிங்கின் வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். சந்தியில் சிக்னல் போட நினைத்தால் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடும், பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்பப் போவதே தெரியாது. முதல் நாள் உட்துறைமுக வீதியில் காலை வேளையில் அரை மணித்தியாலம் ஓடிப் பழகினால் போதும். கியர் இடக்கையில் என்பதால் தானாகக் கியர் மாறும் காராகக் கேளுங்கள்.

எதிரே வருபவர் ஹெட்லைட் அடித்தால் வெளிநாட்டில் “நீ போ” என்று அர்த்தம். இங்கே “நான் வாறன், நில்” என்று அர்த்தம். இதை மாற்றி விளங்கினால் முகத்தோடு முகம்தான். வேகம் ஊருக்குள் 50, வெளியே 70, ஓட்டோவுக்கு 40. பிடித்தால் பொலிஸ் தண்டப் பத்திரம் எழுதும். காசை 14 நாளுக்குள் கட்ட வேண்டும், தபாலகத்தில் கட்டலாம். லைசன்ஸை வைத்துக்கொண்டால், ரசீதோடு அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போய்த்தான் வாங்க வேண்டும். தம்புள்ளையில் பிடிபட்டவர் ஊருக்கு வந்து பார்ப்போம் என்று கிளம்பினால் ஒரு நாள் போய்விடும். அங்கேயே தபாலகத்தைத் தேடுங்கள்.

சாரதியோடு வரும் வாகனத்தில் இந்தக் கவலை ஒன்றும் இல்லை. கணக்கில்தான் கவனம் வேண்டும். ஒரு நாளுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று எல்லை இருக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக் காசு. வெறுமையாகத் திரும்பும் ஓட்டம், சாரதியின் சாப்பாடு, படுக்கை யார் பொறுப்பு என்று முதலே கேளுங்கள். கொழும்பு–திருகோணமலை ஓட்டத்துக்கு இதுவே சரி. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை இரவில் ஆனை வீதிக்கு ஏறும். பழகிய சாரதி ஹோன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்தி, அது கடந்த பிறகே எடுப்பார். நீண்ட விமானப் பயணத்தின் அரைத் தூக்கத்தில் வருபவரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க ஏலாது.

ஆகவே கொழும்பு ஓட்டத்துக்குச் சாரதி. ஊருக்குள் கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று திரிய, ஏ வகுப்பு உள்ளவருக்கு ஸ்கூட்டி, ஹெல்மெட் இருவருக்கும். இல்லாதவர் ஓட்டோ பிடிக்கலாம், ஏறும் முன் விலை பேசுங்கள். தானே ஓட்டும் கார், ஒரு மாதத்துக்கு மேல் நின்று மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று சுற்றுபவருக்குத்தான் கட்டும். இரவில் நிலாவெளி வீதியில் சூட்டுக்குத் தார் மேல் மாடு படுத்திருக்கும், கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வரும், அதனால் 40க்கு மேல் வேண்டாம். விபத்தென்றால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.